உள்நாக்குக்குப் பெயர் சேர்த்தவர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் பெயரைக் கேட்பதற்கு முன்பே என் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தவர் அந்த அக்கா. கம்பெனி கோட்டில் பேனா செருகும் இடத்தில் ஒரு குட்டி டார்ச் வைத்திருந்தார். "ஆன்னு சொல்லும்மா, சும்மாதான்" என்றார். புது இடம். மறுக்கத் தெரியாமல் வாயைத் திறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா நீளமா தொங்குது உனக்கு. பிரெஞ்சு ஈஸியா வரும்" என்றார்.

எனக்கு பிரெஞ்சு கடைசி வரை வரவில்லை. அவர் ஊகித்துச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அதுவும் விளையாட்டுக்கு.

பாட்டில்களுக்கு மூடி போடும் இயந்திரங்களைப் பொருத்தித் தருவது எங்கள் கம்பெனியின் வேலை. பாகங்கள் ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வரும். கூடவே தலையணை கனத்தில் கையேடுகள் வரும், சில நேரம் ஆட்களும் வருவார்கள். அக்கா மொழிபெயர்ப்பாளர். அவர் எழுதித் தருவதைப் பக்கம் பிரித்து, படம் சேர்த்து, கோப்பாக்குவது நான். அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். பழவேற்காடு ஏரியில் வலை போடுகிற குடும்பம். வேலைக்காகப் பொன்னேரியில் வாடகைக்கு இருந்தார். அப்போது நானும் பொன்னேரி என்பதால் தினமும் ஒரே ரயில்.

இத்தனை மொழி தெரிந்தவர் எப்படிப் பேசுவார் என்று எனக்குள் ஒரு கற்பனை இருந்தது. அவரோ, "இன்னாம்மா, நாஷ்டா ஆச்சா?" என்றுதான் காலையில் ஆரம்பிப்பார். ஜெர்மன்காரரிடம் கடகடவென்று பேசி முடித்துவிட்டு, அதே மூச்சில் எங்கள் ஆட்கள் பக்கம் திரும்பி, "பேஜாரு பண்றாருப்பா இவுரு, அந்த போல்ட்ட இன்னொருவாட்டி கயட்டு" என்பார். இரண்டுமே அவர் வாயில் இயல்பாக இருக்கும்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் பெரும்பாலும் 'ர' நம்மைப் போல நாக்கு நுனியில் பிறப்பதில்லை, தொண்டையின் வாசலில் உள்நாக்கு தொங்குகிற இடத்தில்தான் பிறக்கிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஒரு எழுத்துக்காகத் தான் ஒரு வருடம் கஷ்டப்பட்டதாகச் சொல்வார். நான் பார்த்த காலத்திலும் பழக்கம் விடவில்லை. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரை ஒரு வாய் ஊற்றி, தலையை அண்ணாந்து கொப்பளிப்பார். தண்ணீர் உள்ளே போனபிறகும் அந்தச் சத்தம் மட்டும் தொண்டையில் ஓடிக்கொண்டே இருக்கும். பெண்கள் பெட்டியில் பூ விற்க வருகிற அம்மா ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "இன்னாடி, முள்ளு மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, ஜெர்மன்காரன் மாட்டிக்கினான்" என்றார் அக்கா.

"அடப்பாவமே. சோத்த உருட்டி முயுங்கு, எறங்கிடுவான்."

புதிதாக ஒரு ஜெர்மன் பொறியாளர் ஆறு மாதம் தங்கிப் பயிற்சி கொடுக்க வந்தபோது, அவர் பெயர் 'ர'வில் தொடங்கியது. எங்கள் ஆட்கள் கூப்பிட்டால் அவருக்குத் தன் பெயர் என்றே தெரியவில்லை. இயந்திரம் ஓடும்போது ஆபத்து என்று கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். அக்கா டீ இடைவேளையில் பத்துப் பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்தி டார்ச் அடித்தார். தடாவிலிருந்து வருகிற ஒரு ஆபரேட்டர், "ஏன் மேடம், பல்லு டாக்டர் கேம்ப்பா இது? எனக்குக் கடவாப்பல்லு ஒண்ணு ஆடுது, அதையும் பாத்துடுங்க" என்றார்.

"பல்ல வுடு நைனா. பின்னாடி தொங்குது பாரு, அத ஆட்டு."

மூன்று நாளில் நான்கு பேருக்கு அந்த ஒலி வந்துவிட்டது. ஐந்தாவது ஆள் முயன்று முயன்று இருமல் வந்து வீட்டுக்குப் போனார். ஆனால் அதன்பிறகு கூப்பிட்டால் ஜெர்மன்காரர் திரும்பினார்.

அக்கா என்னை வியக்க வைத்தது மொழிகளால் என்று சொன்னால் அது பாதிதான் சரி. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவருக்கு ஒரு துளி கூச்சம் இருந்ததில்லை. ஒரு புது இயந்திரம் ஓட ஆரம்பித்த பத்தாவது நிமிடத்திலெல்லாம் நின்றுபோனது. கையேட்டில், ட்ஸாப்ஃபன் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரி. மானேஜர் தலைக்குமேல் நின்றார்.

"எந்தப் பார்ட் மேடம்? சீக்கிரம் சொல்லுங்க, ஆர்டர் போடணும்."

"தெரியாது சார்."

"உங்களுக்கே தெரியாதா?"

"டிக்‌ஷனரில முளைன்னு போட்டுக்கீது, அச்சுமுனைன்னு போட்டுக்கீது, பைன் மரத்துக் காயின்னும் போட்டுக்கீது. பொருளப் பாத்துட்டு சொல்றேன்."

சொல்லிவிட்டு, சேலைக்கு மேல் இருந்த கோட்டை இறுக்கிக்கொண்டு இயந்திரத்துக்கு அடியில் படுத்துவிட்டார். ஆபரேட்டர்கள் விலகி நின்றார்கள். மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வந்தபோது அக்காவின் நெற்றியில் கிரீஸ். "கட்டவெரல் மாதிரி ஒண்ணு நீட்டிக்கினு இருக்கு. அதுமேலதான் மத்ததெல்லாம் சுத்துது. ஒரு பக்கம் தேஞ்சிப் போச்சு" என்றார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அகராதியின் முதல் பொருளை எழுதிக் கொடுத்துவிட்டு, இரவெல்லாம் சரியா தவறா என்று படுத்துப் புரண்டிருப்பேன்.

அன்று மாலை ரயிலில்தான் அந்த நோட்டை எனக்குக் காட்டினார். "இன்னிக்கி பாத்த சொல்லுக்குக் குட்டி சொல்லு ஒண்ணு இருக்கு. ட்ஸெப்ஃசென். குட்டி முளைன்னு அர்த்தம். ஜெர்மன்காரன் உள்நாக்குக்கு வெச்ச பேரு அது. தொண்டையில சொல்ற அந்த ர இருக்குல்ல, அதுக்கு அவுங்க ஊரு புக்குல குட்டி முளை ரன்னே பேரு."

கோடு போட்ட சாதாரண நோட்டு. பக்கத்துக்கு ஒரு மொழி. எல்லாப் பக்கத்திலும் ஒரே பொருள்: உள்நாக்கு. லத்தீனில் ஊவுலா என்றால் குட்டித் திராட்சை. வீங்கினால் உருண்டு சிவந்து அப்படித்தான் தெரியுமாம். உலகம் முழுவதும் ஒலியியல் புத்தகங்களில் அங்கே பிறக்கும் ஒலிகளுக்கு அந்தத் திராட்சையை வைத்தே பெயர். கிரேக்கர்கள் அதற்கும் முன்னால் திராட்சைக் குலை என்றிருக்கிறார்கள், ஸ்டாஃபிலே. பிரெஞ்சில் லுவெத். அதுவும் திராட்சையின் வழியில் வந்ததுதான். அங்கே பெயருக்கு முன்னால் வழக்கமாக வருகிற 'ல்' ஒலி, சொல்லிச் சொல்லிப் பெயரோடேயே ஒட்டிக்கொண்டது. ஸ்பானிஷில் குட்டி மணி. போலிஷில் குட்டி நாக்கு. ஸ்வீடிஷில் அண்ணத்தின் முலைக்காம்பு.

"போலந்துக்காரன் நம்ம மாதிரியே யோசிச்சிக்கிறான் பாரு" என்றார். "நமக்கும் அவனுக்கும் ஒரு பேச்சுவார்த்த இல்ல. ஆனா ரெண்டு பேரும் வாயத் தொறந்து பாத்துக்கினோம், ரெண்டு பேருக்கும் நாக்காத்தான் தெரிஞ்சிக்கிது."

டச்சுப் பக்கத்தில் சொல் மட்டும் இருந்தது. பொருள் என்ற இடத்தில் கேள்விக்குறி. "ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்றாங்க. எது சரின்னு தெரியல" என்றார். அந்தப் பக்கத்தை ஏன் அத்தனை பத்திரமாக மூடினார் என்பதைப் பிறகு ஒருநாள் சொன்னார். பழவேற்காட்டில் பழைய டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. அவர் பள்ளிக்கூடம் போகிற வயதில் அதைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்து, கல்லில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாராம். தொண்டையைக் கீறுவது போன்ற சத்தம். நண்டுக் கூடையோடு நின்ற அவருடைய அம்மா, "தள்ளி நில்லுடி, காறித் துப்பப் போறாரு" என்று மகளைப் பின்னால் இழுத்தார். வெள்ளைக்காரர் துப்பவில்லை. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும் என்று அன்று முழுக்க கண்ணாடி முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறார் அக்கா.

எனக்குக் கல்யாணமாகி வேப்பம்பட்டுக்கு வந்தேன். கர்ப்பம் தரித்ததும் வேலையை விட்டேன். மகள் பிறந்தாள்.

பிறந்ததிலிருந்தே அவள் பால் குடித்தால் கொஞ்சம் மூக்கு வழியாக வரும். எல்லாக் குழந்தைக்கும் வரும் என்றார்கள். மூன்று வயதிலும் வந்தது. பேச்சும் மூக்கிலேயே இருந்தது. பாப்பா என்று அவள் சொன்னால் மாம்மா என்று கேட்கும். அவள் அப்பாவையும் என்னையும் அவள் கூப்பிடுவதில் வித்தியாசம் தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே, "சரி, நானும் ஒரு அம்மாதான்" என்பார். காய்ச்சலுக்குக் காட்டினபோதெல்லாம் தொண்டை சிவந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். சிவந்திருக்கவில்லை. என் மாமியார், "தொக்கம் வியுந்துக்கிது" என்றார். குழந்தை கக்கினால், சரியாக விழுங்காவிட்டால், சாப்பிட்ட ஏதோ ஒன்று தொண்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதுதான் தொக்கம். அதை வாயால் உறிஞ்சி எடுப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று முறை கூட்டிப்போனோம். மூன்று முறையும் அந்த ஆள் உள்ளங்கையில் ஏதோ ஒரு துணுக்கைக் காட்டினார். நான் படித்தவள். அது என் குழந்தையின் தொண்டையிலிருந்து வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் மூன்றாவது முறையும் நான்தான் அவளை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரியவர்கள் சொல்வதைக் கேட்காமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். கேட்டும் சரியாகவில்லை என்றால் என்ன செய்வது என்று அப்போது யோசிக்கவில்லை.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்குப் பழைய ஆட்களையும் குடும்பத்தோடு கூப்பிடுவார்கள். இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, அன்றைக்கு ஒருநாள் பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். அந்த வருடம் மகளோடு போனேன். கேன்டீனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தார்கள். அவளுக்கு மூக்கில் வந்தது. யாரும் பார்ப்பதற்குள் துண்டால் துடைத்தேன். அக்கா பார்த்துவிட்டார்.

பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எங்கள் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார். "ஆன்னு சொல்லு கண்ணு." மகள் வாயைத் திறந்தாள். டார்ச் வெளிச்சம் உள்ளே போனது. அவர் எப்போதும் பார்க்கிற நேரத்தைவிட அதிகமாகப் பார்த்தார். பிறகு கேன்டீன்காரரிடம் ஒரு எவர்சில்வர் மூடி வாங்கி, துடைத்து, குழந்தையின் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

"பாப்பான்னு சொல்லு."

சொன்னாள். மூடியில் ஆவி படிந்தது. என்னையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். என் மூக்கின் கீழே மூடி பளிச்சென்று இருந்தது.

"மூக்குக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு கதவு இருக்கு. ப சொல்லும்போது அது மூடணும். உனக்கு மூடுது. பாப்பாவுக்குக் காத்து மேல வருது. அப்புறம், உள்நாக்கு நுனி ரெண்டா பிரிஞ்சிக்கீது. நீ பாக்குறியா?"

பார்த்தேன். மூன்று வருடம் நான் பால் கொடுத்த வாய், சோறு ஊட்டிய வாய். உள்ளே இரண்டு குட்டித் துளிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின.

"அப்படின்னா என்னக்கா?"

"தெரியாது."

"ஏதாவது பெருசா இருக்குமா?"

"தெரியாதும்மா. சில பேருக்குச் சும்மாவே அப்படி இருக்கும்னு படிச்சிக்கிறேன். எனக்குத் தெரிஞ்சது நான் பாத்தது மட்டும்தான்." ஒரு சீட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். பால் மூக்கில் வருகிறது. ப சொன்னால் மூக்கில் காற்று வருகிறது. உள்நாக்கு இரண்டாக இருக்கிறது. "டாக்டருகிட்ட இதக் குடு."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அல்லது பயமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் மூன்று வரி. வீட்டில் மாமியார், "கொயந்தை வாய்க்குள்ள டார்ச் அடிச்சிப் பாத்தாளா? கண்ணு வெச்சிட்டாளே" என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். சீட்டு என் பர்ஸில் இரண்டு மாதம் கிடந்தது. அந்த இரண்டு மாதத்துக்கு நான் இன்றைக்கும் யாரிடமும் சமாதானம் சொல்ல முடியாது.

மகளுக்குக் காதில் சீழ் வந்தபோது சென்னையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். என்ன பிரச்சினை என்று கேட்டார். சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த டாக்டர் எழுதினது?"

"டாக்டர் இல்ல சார். மொழிபெயர்ப்பாளர்."

அவர் கையுறை போட்ட விரலை மகளின் அண்ணத்தில் வைத்துத் தடவினார். மேலே தோல் மூடியிருக்கிறது, உள்ளே தசை சேரவில்லை, அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை என்றார். பேச்சு முழுக்க இப்படியே நின்றுவிடுவதற்குள் அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்றார்.

அறுவை சிகிச்சை செய்த பெரிய மருத்துவர் வயதானவர். சம்மதப் படிவத்தில் சிகிச்சையின் பெயரைத் தன் கையால் நீளமாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கையெழுத்துப் போட வேண்டியது நான். கணவர், "படிச்சுப் பாத்துட்டுப் போடு" என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். அந்தச் சிகிச்சையின் பெயரிலேயே நான் நின்றுவிட்டேன். பேனா கையில் இருந்தது. மயக்க மருந்து, மூன்று வயது, தொண்டை. போட்டு ஏதாவது ஆகிவிட்டால் நான்தான் போட்டேன். போடாமல் விட்டாலும் நான்தான்.

அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஸ்டாஃபிலோராஃபி.

"இரு, வெளிய வரேன்." சத்தம் குறைந்தது. "முன்பாதி உனக்கே தெரியுமே."

தெரிந்திருந்தது. திராட்சைக் குலை.

"பின்பாதி தையல். ரெண்டுமே கிரேக்கம். திராட்சையத் தைக்கிறது, அவ்ளோதான் அந்தச் சொல்லு."

எத்தனையோ நூறு வருடங்களுக்கு முன்னால், எங்கோ ஒரு ஊரில், யாரோ ஒருவர் வெயிலில் ஒரு பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே தொங்கியதைப் பார்த்து, தன் தோட்டத்தில் இருந்ததன் பெயரை அதற்கு வைத்திருக்கிறார். அது ஊர் ஊராக, வாய் வாயாக வந்து, என் மகளின் பெயருக்குக் கீழே இந்தத் தாளில் இருக்கிறது. இத்தனை பேர் இத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டிருந்த இடம்தான் அது. எனக்கு மட்டும் இருட்டாக இருந்திருக்கிறது.

"அக்கா, போடலாமா? நல்லா ஆயிடுமா?"

"அது எனக்குத் தெரியாது. டாக்டரக் கேளு. எத்தினி பேருக்கு இதப் பண்ணிக்கிறாரு, எத்தினி பேரு நல்லாப் பேசினாங்க, எதுல கஷ்டம் வரும், எல்லாத்தையும் கேளு. கூச்சப்படாத."

கேட்டேன். அந்த மருத்துவர் அரைமணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்னார். என் வாழ்க்கையில் ஒரு டாக்டரிடம் நான் அத்தனை கேள்வி கேட்டது அன்றுதான். கையெழுத்துப் போட்டேன்.

சிகிச்சையன்று அக்கா பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பெனி கோட்டோடேயே வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமியார் மடியில் விபூதிப் பொட்டலத்தோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். முதலில் அக்காவைப் பார்க்காமல் இருந்தார். பிறகு எழுந்து வந்து அவர் நெற்றியிலும் கொஞ்சம் பூசிவிட்டுப் போனார்.

அன்று காலையில் வேறு இரண்டு குழந்தைகளையும் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். இரண்டரை மணி நேரம் கழித்து, கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. கரகரத்து, அகலமாக, வாய் முழுக்கத் திறந்து வருகிற அழுகை. என் மகள் அப்படி அழமாட்டாள். அவள் அழுகை மூக்குக்குள்ளேயே மெல்லிய முனகலாகச் சுற்றும், அடுத்த அறையில் இருந்தால் கேட்காது. அதனால்தான் அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் குளிக்கக்கூடப் போனதில்லை. கணவர், "பாவம், யாரோட குழந்தையோ" என்றார். நானும் தலையாட்டினேன்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுந்து போ" என்றார்.

"எங்கக்கா?"

"உன் பொண்ணு அழுவுறா."

"இல்லக்கா, இது வேற குழந்தை. அவ அழறது எனக்குத் தெரியாதா?"

"உன் பொண்ணுதாம்மா. காத்து இப்ப மூக்குல போவல, வாயில வருது" என்று என் முதுகில் கையை வைத்துத் தள்ளினார்.

கதவு திறந்தது. நர்ஸ் தலையை மட்டும் வெளியே நீட்டி, "இந்தப் பாப்பாவோட அம்மா யாரு?" என்றார்.

நான் எழுந்து நின்றேன்.